மினி டிராக்டரில் ரொட்டவேட்டரை ஒற்றை ஆளாக மாட்டுவது எப்படி

மினி டிராக்டர் வாங்கிய புதிதில் உழுவதை விட ரொட்டவேட்டரை, அதாவது சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவியை, வண்டிக்குப் பின்னால் மாட்டுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தென்னை வரிசைக்குள் ஓட்ட வாங்கிய நாலடி ரொட்டவேட்டர், எடை கால் டன்னுக்குக் கிட்டத்தட்ட வரும். கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பி, ஓடிப்போய் வண்டியில் ஏறி ஒரு சாண் பின்னால் எடுத்து, இறங்கி வந்து பார்த்தால் வண்டிக் கையில் இருக்கும் துளையும் அதில் போக வேண்டிய ரொட்டவேட்டரின் பின்னும் (இரும்பு முளை) இரண்டு விரல்கடை தள்ளி நிற்கும். மறுபடி ஏறு, மறுபடி இறங்கு. ஒரு நாள் துளை நேராக வந்துவிட்டதா என்று கட்டை விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், அந்த நேரம் பார்த்து ரொட்டவேட்டர் ஒரு அரை இஞ்ச் சரிந்தது. நகம் மட்டும் போனது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்து ஒவ்வொன்றாக மாற்றினேன். இப்போது யார் துணையும் இல்லாமல் பத்து நிமிடத்தில் மாட்டிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை எப்படிக் கழற்றி வைத்தோமோ அந்தக் கஷ்டம்தான் இந்தத் தடவை வந்து நிற்கிறது. வேலை முடிந்த களைப்பில் வரப்போரம் ஈர மண்ணில் ரொட்டவேட்டரை இறக்கிவிட்டு வந்தால், இரண்டு மழைக்கப்புறம் ஒரு பக்கம் மண்ணில் இறங்கி, இடது பின் தரையோடும் வலது பின் முட்டி உயரத்திலும் நிற்கும். அதைக் கடவுளே வந்தாலும் ஒரே தடவையில் மாட்ட முடியாது. அதனால் கழற்றும்போதே கெட்டியான சமதளம் பாருங்கள். சிமெண்ட் தளம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே உயரத்தில் அறுத்த இரண்டு பனங்கட்டை போதும். வண்டியின் பின்னால் கருவியைத் தாங்கித் தூக்கும் கீழ்க்கைகள், அதாவது லோயர் லிங்க் இரண்டும், எந்த உயரத்தில் சும்மா நிற்கின்றனவோ அந்த உயரத்துக்கு ரொட்டவேட்டரின் பின்கள் வருகிற மாதிரி கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை டேப் பிடித்து அளந்தால் போதும், அந்தக் கட்டை வருஷக்கணக்கில் உழைக்கும்.

கட்டையை விட நல்லது சக்கரம் வைத்த டிராலி. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் அடித்து, நாலு மூலையிலும் சுழலும் சக்கரம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 150 கிலோ தாங்கக்கூடியதாக இருக்கட்டும், இரண்டுக்காவது பிரேக் இருக்க வேண்டும். ரொட்டவேட்டரின் கத்திகள் சட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்து, எடை அதன் இரு பக்கத் தகடுகளில் நிற்க வேண்டும், சட்டம் தரையிலிருந்து எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதன் அருமை எங்கே தெரியும் என்றால், டிராக்டரை ரொட்டவேட்டருக்கு நேராகக் கொண்டுவரப் படாதபாடு படுவதற்குப் பதிலாக, டிராக்டரைக் கிட்டத்தட்ட சரியாக நிறுத்திவிட்டு ரொட்டவேட்டரை அதன் பக்கம் தள்ளிவிடலாம். கால் டன் இரும்பு ஒரு கையால் நகர்வதைப் பார்த்தபோது இத்தனை நாள் ஏன் இதைச் செய்யவில்லை என்றுதான் தோன்றியது. சிமெண்ட் தளம் இருந்தால்தான் டிராலி ஓடும், மண் தரையில் சக்கரம் புதைந்துவிடும். மண் தரைதான் என்றால் ஒரு கனமான பலகை, அதன் அடியில் இரண்டு மூன்று ஜி.ஐ. பைப் துண்டுகள், அவ்வளவுதான். கடப்பாரையால் லேசாக நெம்பினால் பைப் மேல் உருளும். மாட்டி முடிக்கும் வரை பைப்புக்கு முன்னும் பின்னும் கல் வைத்துத் தடுத்துவிடுங்கள்.

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் இரண்டு பக்க செக் செயினையும் தளர்த்திவிடுங்கள். அது இறுக்கமாக இருந்தால் கைகள் பக்கவாட்டில் அசையாது, அரை இஞ்ச் வித்தியாசம்கூட மலை போல ஆகிவிடும். நடுவில் மேலே இருக்கும் மூன்றாவது கையான டாப் லிங்கைத் தூக்கி அதன் கொக்கியில் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தொங்கி நடுவில் இடிக்கும். ஷெட் தளத்தில் ரொட்டவேட்டர் நிற்கும் இடத்தின் நடுவிலிருந்து நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன், திரும்பிப் பார்த்து டாப் லிங்கும் கோடும் ஒன்றாகத் தெரிந்தால் நேராக வருகிறேன் என்று அர்த்தம். லோ கியரில், ஆக்சிலேட்டர் கொடுக்காமல், ஊர்ந்து வர வேண்டும். ஒரு சாண் இருக்கும்போதே நிறுத்தி, இறங்கி ஒரு தடவை பாருங்கள். பின்னால் வரும்போது வண்டிக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, உதவிக்கு வந்த மச்சானாக இருந்தாலும் சரி, பக்கத்தில் பெரிய டயருக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். கிளட்ச்சில் கால் வழுக்க ஒரு நொடி போதும்.

கைகளின் உயரத்தை இருக்கையில் உட்கார்ந்தே லிவரால் சரிசெய்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். கீழே நின்றுகொண்டு லிவரை எட்டி அசைப்பது பலருக்குப் பழக்கம், தயவுசெய்து வேண்டாம்.

எப்போதும் வண்டியின் இடது கீழ்க்கை முதலில். காரணம் எளிது: பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கத் தூக்குத் தண்டு ஒரே நீளம்தான், வலது பக்கத் தண்டில் திருகுகிற கைப்பிடி இருக்கும். ஏற்ற இறக்க முடியாததை முதலில் மாட்டிவிட்டு, அப்புறம் வலது பக்கம் வந்து கைப்பிடியைச் சுற்றி, கீழ்க்கை முனையில் இருக்கும் குண்டின் துளையைப் பின்னுக்கு நேராகக் கொண்டு வரலாம். மாற்றிச் செய்தால் அந்தக் கைப்பிடி இருந்தும் பயனில்லை. கை முனையில் இருக்கும் குண்டைத் திருப்பித் துளையை நேராக்கிக்கொள்ளுங்கள், துளை நேராக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், அல்லது ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பாருங்கள். விரலை விடாதீர்கள்.

பின் போகவே மாட்டேன் என்றால் சுத்தியலைத் தேடுவதற்கு முன் அளவைப் பாருங்கள். மினி டிராக்டர்கள் பெரும்பாலும் கேட்டகிரி 1 வகை: கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. பெரிய வண்டிகளில் வரும் கேட்டகிரி 2-க்குக் கீழ்ப் பின் 28 மி.மீ., மேல் பின் 25 மி.மீ. பக்கத்துத் தோட்டத்தில் கலப்பை இரவல் வாங்கி வந்து ஒரு காலை முழுக்க அடித்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அளவு சரியாக இருந்தும் போகவில்லை என்றால் துருதான். எமரி தாளால் தேய்த்து, லேசாக கிரீஸ் தடவி வையுங்கள்.

மூன்றாவதாக டாப் லிங்க். நீளம் ஒத்துவரவில்லை என்றால் ரொட்டவேட்டரை இழுக்காதீர்கள், டாப் லிங்கின் நடுக்குழாயைச் சுற்றினால் நீளும், குறுகும். பின்னைக் கையால் தள்ளினாலே சுலபமாக உள்ளே போக வேண்டும், அடித்தால்தான் போகும் என்றால் எங்கோ எடை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வண்டியின் பி.டி.ஓ. முனையிலிருந்து (இன்ஜின் சக்தி வெளியே வரும் இடம்) ரொட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். மினி டிராக்டரில் பின்பக்கம் இடமே இருக்காது, முழங்கையை மடக்கித்தான் வேலை செய்ய வேண்டும். நான் செய்வது இப்படி: ஷாஃப்டின் ரொட்டவேட்டர் பக்கத்தை, வண்டி வருவதற்கு முன்பே, இடம் தாராளமாக இருக்கும்போதே மாட்டிவிடுவேன். ரொட்டவேட்டர் கட்டை மேல் நிற்கும்போது அதன் தண்டைச் சுற்ற முடியாமல் போகலாம், ஆனால் கையில் இருக்கும் ஷாஃப்டைச் சுற்றிப் பல்லைப் பொருத்துவது சுலபம். வண்டி பக்கம் மாட்டும்போது பி.டி.ஓ.வை நியூட்ரலில் வைத்தால் பல வண்டிகளில் அந்த ஆறு பல் முனையைக் கையாலேயே சுற்றலாம். பல் பொருந்தியதும் பூட்டுப் பின்னை அமுக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும், பள்ளத்தில் விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் கேட்டாலும் நம்பாமல் பின்பக்கமாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். பூட்டுப் பின்னில் மண் அடைத்துப் பாதி அமுங்கி நிற்பது சகஜம், டீசல் நனைத்த பிரஷ் ஒன்று ஷெட்டில் தொங்கட்டும்.

புது ரொட்டவேட்டர் என்றால் முதல் தடவையே ஷாஃப்ட் நீளத்தைச் சரிபாருங்கள். உள்ளே போகும் குழாய் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது வெளிக்குழாய்க்குள் இருக்க வேண்டும். ரொட்டவேட்டர் மேலும் கீழும் போகையில் எந்த உயரத்தில் ஷாஃப்ட் மிகவும் குறுகுகிறதோ அங்கும் முட்டாமல் இடைவெளி இருக்க வேண்டும். முட்டினால் அடி நேராக பி.டி.ஓ. பேரிங்குக்குத்தான் போகும். பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பி.டி.ஓ. சுற்றும் வேகமான நிமிடத்துக்கு 540 சுற்று என்பது விநாடிக்கு 9 சுற்று, தோளில் தொங்கும் துண்டின் நுனி சிக்கினால் கையை எடுக்க நேரமே கிடைக்காது.

மாட்டியாயிற்று. செக் செயினை இறுக்கி, லாக் பின்களைப் போட்டு, மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இந்த இடத்தில் முன் சக்கரத்தைக் கவனியுங்கள். சின்ன வண்டிகள் பலவற்றின் கையேட்டில் தூக்குதிறன் 750 கிலோ என்று போட்டிருக்கும், அது கைகளின் முனையில் அளந்தது. ரொட்டவேட்டரின் எடை அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால் அவ்வளவு தூக்காது, அதை விட முக்கியம், தூக்கும்போது முன்பக்கம் லேசாகிவிடும். வண்டியின் சொந்த எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. 700 கிலோ வண்டி என்றால் 140 கிலோ. ஸ்டீயரிங் வழக்கத்தை விட இலேசாகத் திரும்பினாலே முன்னால் வெயிட் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வரப்பு ஏறும்போது கட்டாயம் வேண்டும்.

மூன்று இடத்திலும் ஒரே தடவையில் மாட்ட உதவும் சட்டமான குயிக் ஹிட்ச் வாங்கலாமா என்று கேட்பார்கள். தினமும் கலப்பை, ரொட்டவேட்டர் என்று மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு நல்லது. ஆனால் அதன் எடை கூடுதல் சுமை, கருவி இன்னும் பின்னால் தள்ளிப் போகும், ஷாஃப்ட் நீளத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு கருவி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காசில் நல்ல டிராலி செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து.

கழற்றும்போது இதே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: கட்டை மேல் இறக்கி, இன்ஜினை அணைத்து, ஷாஃப்ட், டாப் லிங்க், வலது, கடைசியில் இடது. கழற்றிய பின்களையும் லாக் பின்களையும் சட்டைப் பையில் போடாமல் ரொட்டவேட்டரிலேயே திருப்பிச் செருகிவிடுங்கள். ஷாஃப்டின் நுனியைத் தரையில் போடாமல் ஒரு கம்பியில் தூக்கிக் கட்டி, பழைய டியூப் துண்டால் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.