லிண்டாவ்: துறைமுகத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தீவு நகரம் லிண்டாவ். பக்கத்தில் ஆஸ்திரியா, எதிர்க்கரையில் சுவிட்சர்லாந்து, அவற்றின் பின்னே ஆல்ப்ஸ் மலைகள். மியூனிக்கிலிருந்து சூரிச்சுக்குப் போகிற வழியில் இங்கே சில மணி நேரம் இறங்கிப் பார்க்கிறவர்கள் ஏராளம். துறைமுகத்துச் சிங்கச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, இடைக்கால நகரத்தைப் பார்த்துவிட்ட நிறைவோடு பலர் கிளம்பிவிடுகிறார்கள். லிண்டாவில் செய்யக்கூடிய ஆகப் பெரிய தவறு இதுதான்.

அந்தச் சிங்கத்துக்கும் இடைக்காலத்துக்கும் தொடர்பே இல்லை. 6 மீட்டர் உயரச் சிங்கமும், எதிரே நிற்கும் 33 மீட்டர் கலங்கரை விளக்கமும் 1856-இல் வந்தவை. சிங்கம், தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் சின்னம். லிண்டாவ் பவேரியாவின் கைக்குப் போனதே 1805-இல்தான். அதற்கு முன், 1275 முதல் 500 ஆண்டுகளுக்கு மேல், எந்தச் சிற்றரசனுக்கும் கட்டுப்படாமல் புனித ரோமப் பேரரசருக்கு மட்டுமே பதில் சொன்ன சுதந்திர நகரம் இது. துறைமுகத்தில் இடைக்காலத்தைச் சேர்ந்தது கரையோரம் நிற்கும் மாங்டுர்ம் கோபுரம் ஒன்றுதான். பழைய கலங்கரை விளக்கம் அதுவே. சிங்கத்தைப் படம் பிடிக்கும் அவசரத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே ஏரியை விட்டு உள்ளே நடங்கள். 1422-க்கும் 1436-க்கும் இடையில் எழுந்த பழைய நகர மன்றம், படிப்படியாக ஏறி இறங்கும் முகப்போடு நிற்கிறது. 1496-இல் பேரரசின் மாநாடு கூடிய ஊர் இது. ஆனால் அந்தக் கட்டடத்தின் வண்ண ஓவியங்களை இடைக்காலத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். அவை வெகு காலம் கழித்துத் தீட்டப்பட்டவை. உண்மையான பழைய ஓவியங்கள் தீவின் மேற்குப் பக்கத்தில், 1380-ஐச் சேர்ந்த திருடர் கோபுரத்தை ஒட்டிய புனித பேதுரு தேவாலயத்துக்குள் இருக்கின்றன. ஜெர்மானிய ஓவியர் மூத்த ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டியதாகக் கருதப்படும் சுவரோவியங்கள் அவை. வெளியிலிருந்து பார்த்தால் எளிய கற்கட்டடம் என்பதால் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். போரில் இறந்தோருக்கான நினைவிடமும் அதுவே என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

சந்தைச் சதுக்கத்தில் இரண்டு தேவாலயங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் நகரம் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தது. உள்ளேயே இருந்த பெண்கள் மடம் கத்தோலிக்கமாகவே நீடித்தது. இத்தனை சிறிய தீவில் இரண்டு அதிகாரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் அக்கம்பக்கமாக வாழ்ந்த கதையை அந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

இனி பயணத் தவறுகள். லிண்டாவில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. மியூனிக்–சூரிச் விரைவு ரயில்கள் நிற்பது கரையில் உள்ள லிண்டாவ்-ராய்ட்டினில். தீவுக்குள் இருப்பது லிண்டாவ்-இன்செல். இந்த ஏற்பாடு 2020 டிசம்பரில்தான் வந்தது. பழைய வழிகாட்டி நூலை நம்பித் தலைமை நிலையத்தைத் தேடினால் குழப்பமே மிஞ்சும். ராய்ட்டினில் இறங்கி உள்ளூர் ரயிலிலோ நகரப் பஸ்ஸிலோ தீவுக்குப் போகலாம். மலிவான பவேரியா நாள் டிக்கெட் அந்த விரைவு ரயில்களில் செல்லாது. வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்பும் செல்லாது. காரில் வருகிறவர்கள் வண்டியைக் கரையிலேயே விட்டுவிடுவது நல்லது.

காலம் பார்க்காமல் போவது அடுத்த தவறு. 1951 முதல் நோபல் விஞ்ஞானிகளின் சந்திப்பு இங்கே கோடையில் நடக்கிறது. அந்த வாரத்தில் அறை கிடைப்பது அரிது. கூட்டத்துக்குப் பயந்து நவம்பரில் போனால் மூடுபனியில் மலையே தெரியாமல் போகலாம், பெரும்பாலான கப்பல்களும் ஓடாது. மே மாதமோ செப்டம்பரோ என் தேர்வு. படகு எடுப்பவர்கள் கரையோர ஆரஞ்சு விளக்குகளைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம். 90 முறை என்றால் புயல் எச்சரிக்கை, உடனே கரைக்குத் திரும்பிவிட வேண்டும். மலைக்காற்று இந்த ஏரியைச் சட்டென்று கொந்தளிக்க வைத்துவிடும்.

மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும் என்பதற்காக பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறாதீர்கள், சோதனை நடக்கலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அங்கே பிராங்க் நாணயம். கப்பலில் உங்கள் கைபேசி சுவிஸ் சிக்னலைப் பிடித்துக்கொண்டால், ஒன்றியத்துக்கு மட்டுமான இணையத் திட்டம் கைகொடுக்காது.

சாப்பாட்டிலும் கவனம் தேவை. சைவம் என்று பரிமாறப்படும் கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸின் மாவில் முட்டை உண்டு. முட்டை தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் பிரியர்கள் இவ்வூரின் புகழ்பெற்ற ஃபெல்ஹன் மீனைத் தேடுவார்கள். அந்த இனம் வெகுவாகக் குறைந்துபோனதால் 2024 முதல் மூன்றாண்டுகளுக்கு அதைப் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. தட்டில் வருவது வேறு ஏரியின் மீனாக இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள்.