மிஷன் பயணத்தில் விசுவாச அனுபவம்: மாணவத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியத்துக்காகச் சில வாரங்கள் சென்றுவரும் வெளிநாட்டு மிஷன் பயணத்திலிருந்து திரும்பிய மாணவர்களைச் சபையின் முன் சாட்சி சொல்ல அழைத்தால், அவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: இந்தப் பயணம் என் விசுவாச வாழ்க்கையை மாற்றிவிட்டது. அதில் பொய் இல்லை. படிப்பும் தேர்வும் கைபேசியும் நிறைந்த அன்றாடத்தை விட்டுச் சில வாரங்கள் விலகி, காலையும் மாலையும் கூடி ஜெபித்து, மொழி தெரியாத ஊரில் முன்பின் அறியாதவர்களின் வீட்டில் உண்டு உறங்கி, தன் பலம் போதாது என்பதை நாள்தோறும் உணர்கிற இளம் மனம் அசையாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் மனம் அசைவது வேறு, விசுவாசம் வேர்விடுவது வேறு. இந்தப் பயணங்களில் மாணவர்களும் அவர்களை அனுப்பும் சபைகளும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, உள்ளத்தில் எழுந்த உணர்ச்சியின் அளவையே தேவன் செய்த கிரியையின் அளவாக எடுத்துக்கொள்வதில்தான் தொடங்குகின்றன.

பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே இது ஆரம்பித்துவிடுகிறது. ஜெபிக்க மனமில்லாமல், வேதத்தைத் திறக்க விருப்பமில்லாமல் மாதக்கணக்கில் வறண்டிருக்கும் மாணவருக்கு, மிஷன் பயணத்தையே மருந்தாகப் பரிந்துரைக்கும் பெரியவர்கள் உண்டு. அக்கறையோடு சொல்லப்படும் ஆலோசனைதான் என்றாலும், அது அந்த மாணவர் மீது பெரும் சுமையை ஏற்றிவிடுகிறது. அங்கே போய்ச் சேர்ந்து, வெயிலும் வயிற்றுக்கோளாறும் தூக்கமின்மையும் சேர்ந்து வாட்டும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணீரோடு பாட, தனக்குள் மட்டும் எதுவும் அசையவில்லை என்றால், தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். உண்மையில் கைவிட்டது அவருடைய உடலாக இருக்கலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கோரியபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னான். களைத்துப்போன தன்னார்வலருக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் இதுதான். ஆகவே புறப்படுமுன், தேவன் அங்கே என்னிடம் பேசவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு, அவர் பேசியதாக எனக்கு எதுவும் தோன்றாவிட்டாலும் கொடுக்கப்பட்ட வேலையை உண்மையாகச் செய்வேன் என்ற தீர்மானத்தையும் மாணவர்கள் எடுத்துக்கொள்வது நல்லது.

மாலை நேரப் பகிர்வுக் கூட்டங்கள் இந்தத் தவறுக்கு அறியாமலே எண்ணெய் ஊற்றுகின்றன. வட்டமாக அமர்ந்து, தேவன் இன்று உங்களோடு என்ன பேசினார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும்போது, முதலில் பேசியவர் ஒரு பெரிய அனுபவத்தைச் சொல்லிவிட்டால், அடுத்தவருக்கு அதற்குக் குறையாமல் ஏதாவது சொல்லவேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. நடந்ததைச் சற்று உயர்த்திச் சொல்லிப் பழகிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பிய பின்பும் நீடித்து, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வாழ்வதற்கு அடித்தளம் போட்டுவிடுகிறது என்பதால் இதைச் சிறிய தவறாக நான் எண்ணவில்லை. இன்று எதைப் பார்த்தீர்கள், எது புரியவில்லை, யார் உங்களுக்கு உதவினார்கள் என்று தலைவர்கள் கேட்டால் உண்மை தானாக வரும். இன்று எனக்கு ஜெபிக்கவே தோன்றவில்லை என்று ஒரு மாணவர் பயமின்றிச் சொல்லக்கூடிய குழுவில்தான், வேறொருவர் சொல்லும் மகிழ்ச்சியான சாட்சிக்கும் மதிப்பு இருக்கும்.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது. தேவன் இல்லாத இடத்துக்கு அவரைச் சுமந்துகொண்டு போகிறோம் என்ற எண்ணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அது நடத்தையில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கே ஊழியம் செய்துவரும் போதகர், சில வாரங்களுக்கு வந்த மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வாகன ஏற்பாட்டாளராகவும் மட்டும் ஆகிவிடுகிறார். அவருடைய விசுவாசத்தைப் பற்றி, அவருடைய சபை கடந்துவந்த பாதையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் குழுக்கள் திரும்பிவிடுகின்றன. 1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் சுமார் 1,200 பிரதிநிதிகள் கூடியிருந்தபோது, நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா எழுந்து பேசியது இந்தப் புண்ணைப் பற்றித்தான். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் சொன்னார். அந்தச் சொற்கள் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய அன்பின் அதிகாரத்திலிருந்து எடுத்தவை; அதை அங்கே இருந்த மிஷனரிகள் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருப்பார்கள். அதையே அவர்கள் முன் கண்ணாடியாக அவர் பிடித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தோர்னக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று அறியப்பட்டவரும் அவரே.

நண்பராகப் போவதென்றால் பெற்றுக்கொள்ளவும் ஆயத்தமாகப் போவது என்று பொருள். ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதும்போது, அவர்களை ஸ்திரப்படுத்த வர விரும்புவதாகச் சொன்ன பவுல் உடனே தொடர்ந்து, அவர்களுடைய விசுவாசத்தினால் தானும் ஆறுதலடைய விரும்புவதாக எழுதுகிறார். யூதரல்லாத நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டுக்குப் போன பேதுரு, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்பதைத் தானே அங்கேதான் நிச்சயமாய் அறிந்துகொள்கிறார். பிரசங்கிக்கப் போனவரின் மனமும் அந்த வீட்டில் மாறியது. மாணவர்கள் தங்கள் நாட்குறிப்பில் நாம் இன்று கற்பித்தவை என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், நமக்குக் கற்பிக்கப்பட்டவை என்பதற்கு இரண்டு பக்கங்களாவது ஒதுக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன்.

இதோடு ஒட்டியே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்ற வாக்கியம் மிஷன் சாட்சிகளில் தவறாமல் இடம்பெறுகிறது. விருந்தாளியின் முன் சிரித்த முகத்தை வைத்து ஒரு குடும்பத்தின் மனநிறைவை அளந்துவிட முடியாது. அந்தத் தாய்க்கு இரவில் வரும் கவலை மாணவரின் காதுக்கு எட்டியிருக்காது. பிறருடைய வறுமை நமக்கு நன்றியுணர்வைக் கற்றுத்தருவதற்காக அமைந்த பாடம் அன்று. அநாதை இல்லங்களில் சில நாட்கள் குழந்தைகளோடு விளையாடிவிட்டு வருவதை ஆவிக்குரிய அனுபவமாக அமைத்துக்கொள்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது: மடியில் ஏறி அமரும் குழந்தையின் அன்பு தன்னார்வலரின் உள்ளத்தை உருக்குகிறது, ஆனால் வந்து வந்து விலகிப்போகும் அந்நியர்களின் வரிசையை அந்தக் குழந்தைதான் தாங்கவேண்டியிருக்கிறது. அநாதை இல்லத் தன்னார்வச் சுற்றுலா குழந்தைக் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிவிடக்கூடும் என்பதால் அதைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானம் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. குழந்தைகளை நிரந்தரமாகப் பராமரிப்பவர்களுக்குத் துணைநிற்பது, குடும்பங்கள் பிரியாமல் இருக்க உதவுவது போன்ற வேலைகளில் நம் உள்ளம் அவ்வளவு உருகாமல் போகலாம். பலன் அங்கேதான் அதிகம்.

சாட்சி எழுதுவதில் வரும் தவறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் நன்கொடையாளர்களைப் பற்றிய அச்சமே. பயணச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்ற நினைப்பில், கூட்டத்தில் இயேசுவை ஏற்றுக்கொள்வதாகக் கைதூக்கியவர்களின் எண்ணிக்கை இரட்சிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் எதை எப்படிக் கேட்டார், கைதூக்கியவர் அதை என்னவென்று புரிந்துகொண்டார், வந்த விருந்தினரை மறுக்கக்கூடாது என்ற மரியாதையால் தூக்கினாரா என்பதெல்லாம் மாணவருக்குத் தெரியாது. இயேசு அனுப்பிய எழுபதுபேர் பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிகிறதைச் சொல்லிச் சந்தோஷத்தோடே திரும்பி வந்தபோது, அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று அவர் சொன்னது, அறிக்கை எழுத உட்காரும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். நெல்லைச் சீமையின் தோனாவூரில் பணிசெய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தம் ஊழியத்தின் கடினத்தை ஒளிக்காமல் எழுதி அனுப்பிய கைப்பிரதி, ஊக்கமளிப்பதாக இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளதை உள்ளபடியே சொல்லும் அந்த நூல் 1903-இல் வெளிவந்தபோது, மிகைப்படுத்தப்படாத உண்மைக்காக ஜெபிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று.

படங்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஞானஸ்நானம் பெறுபவரின் முகத்தையும் பெயரையும் ஊரையும் சமூக ஊடகத்தில் பதிவிடும் மாணவர் தன் மகிழ்ச்சியைத்தான் பகிர்கிறார். ஆனால் அதன் விலையை அங்கே வாழ்கிறவர் செலுத்த நேரிடலாம். நேபாளத்தின் 2017-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் ஒருவரை மதம் மாற்றுவதைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் மதப்பிரசாரம் செய்வதை அனுமதிக்காத நாடுகள் பல உள்ளன. தன்னார்வலர் விமானம் ஏறிவிடுவார். உள்ளூர் விசுவாசிக்குப் போக இடமில்லை. எந்தப் படத்தையும் எந்தக் கதையையும் வெளியிடலாம் என்பதை அந்த ஊரின் சபையே தீர்மானிக்கட்டும்.

அழைப்பைப் பற்றிய அவசர முடிவுகளும் இந்த நாட்களில்தான் எடுக்கப்படுகின்றன. பயணத்தின் கடைசி இரவில், களைப்பும் பிரிவுத் துயரமும் பாடல்களும் ஒன்றுசேர்ந்த சூழலில், படிப்பை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொடுக்கும் மாணவரின் நேர்மையை நான் மதிக்கிறேன். தேவன் அப்படி அழைக்கமாட்டார் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. 1886-இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மோனில் நடந்த மாணவர் கூட்டத்தில் 100 பேர் அயல்நாட்டு ஊழியத்துக்கு முன்வந்ததிலிருந்துதான் மாணவர் தன்னார்வ இயக்கம் பிறந்தது; பல்லாயிரம் மிஷனரிகள் அதன் வழியாகப் புறப்பட்டார்கள். அவர்களுடைய உறுதிமொழியிலேயே தேவன் அனுமதித்தால் என்ற சொற்கள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடும்படி பரிசுத்த ஆவியானவர் சொன்னதை ஒரு சபை சேர்ந்து கேட்டது. உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. மக்கெதோனியாவுக்கு வந்து உதவும்படி ஒருவன் வேண்டிய தரிசனத்தைப் பவுல் ஒருவரே கண்டபோதும், கர்த்தர் அழைத்தார் என்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டோம் என்றுதான் லூக்கா எழுதுகிறார். உண்மையான அழைப்பு ஆறு மாதம் காத்திருப்பதால் அழிந்துபோகாது. அந்த ஆறு மாதங்களில் தன்னை நெருக்கமாக அறிந்த மூன்று நான்கு விசுவாசிகளிடம் அதைச் சொல்லி, அவர்களுடைய கேள்விகளைத் தாங்கிக்கொள்வது மாணவருக்கு நல்லது.

திரும்பி வந்தபின் நேரும் புறக்கணிப்புதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. புறப்படுமுன் மாதக்கணக்கில் பயிற்சியும் ஜெபக்கூட்டமும் நடத்தும் சபைகள், திரும்பியபின் ஒரு ஞாயிறு காலையில் ஐந்து நிமிடச் சாட்சியோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்கின்றன. 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்தபின் அங்கே வீடு கட்டப் போன வட அமெரிக்கத் தன்னார்வலர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, பயணம் தங்களை மாற்றியதாகச் சொன்னவர்களிடம்கூட நீடித்த மாற்றம் பெரிதாகக் காணப்படவில்லை என்று காட்டியது. மாணவர்கள் பொய் சொன்னார்கள் என்பதற்கு இது ஆதாரமாகாது; தொடங்கியதை யாரும் தொடர்ந்து பேணவில்லை என்பதையே காட்டுகிறது.

திரும்பிய சில வாரங்களில் வரும் வெறுமையை முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரிய உதவி. இயேசு மகிமையின் ரூபத்தில் தோன்றிய மறுரூப மலையில் கூடாரம் போட விரும்பிய பேதுரு கீழே இறங்கியபோது அங்கே காத்திருந்தது வலிப்பில் துடித்த ஒரு பிள்ளையும், கையாலாகாமல் நின்ற சீஷர்களும், வாக்குவாதம் செய்யும் கூட்டமும்தான். வீட்டில் பெற்றோர் கேட்கும் கேள்விகளும், விட்டுப்போன பாடங்களும், தன் அனுபவத்தைக் கேட்க நேரமில்லாத நண்பர்களும் மாணவருக்கு அப்படித்தான் தோன்றும். அவர்களை உணர்வற்றவர்கள் என்று தீர்ப்பிடுவது இந்தக் காலத்தில் எளிதாக நேரும் தவறு. திரும்பிய முதல் வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும், ஓராண்டு நிறையும்போதும் குழு மறுபடியும் கூடவேண்டும். அதற்கான நாட்களைப் பயணச்சீட்டு வாங்கும்போதே குறித்துவிடவேண்டும். அந்தக் கூட்டங்களில் பயணத்தின் நினைவுகளைவிட இப்போதைய ஜெபம், படிப்பு, பணம், வீட்டாரோடு உறவு ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டும். அங்கே தங்கவைத்த போதகருக்குக் கடிதம் எழுதி, நாங்கள் வந்ததில் உங்களுக்குப் பாரமாக இருந்தது எது என்றும் கேட்டு, அவர் எழுதும் பதிலை அடுத்த ஆண்டு புறப்படப்போகும் குழுவின் முதல் ஜெபக்கூட்டத்திலேயே வாசிக்கவேண்டும்.