போர் எரிந்த இரவும் அதற்குப் பின் வந்த மூன்று தீயும்

என் புல் போர் எரிந்த இரவில், தீ அணைவதற்கு முன்பே நான் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர். எங்களுக்குள் வரப்புத் தகராறு இருந்தது, முந்தின வாரம்தான் வாய்ச்சண்டையும் நடந்திருந்தது. வேறு யார் வைத்திருப்பார்கள்?

வந்திருந்த தீயணைப்பு வீரர்களில் மூத்தவர் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே, நீளமான இரும்புக் கம்பி இருக்கிறதா என்றார். எரியாமல் தப்பிய அடுத்த போரின் நடுவில் அதைச் செருகினார். இருபது நிமிடம் கழித்து உருவி, "பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். என்னால் பிடிக்க முடியவில்லை.

"அடுக்கி எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம் சார்."

"நல்லா காஞ்சிருந்துதா?"

"மழை வந்துடுமோன்னு கொஞ்சம் அவசரமா…"

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு நிஜமாகவே யாரோ மூன்று முறை தீ வைத்தார்கள். ஆக, தானாகப் பற்றிய தீயையும் பார்த்திருக்கிறேன், கையால் வைத்த தீயையும் பார்த்திருக்கிறேன். ஒதுக்குப்புறமான நிலமும் கொட்டகையும் வைத்துக்கொண்டு, "எவனோ கொளுத்துகிறான்" என்ற பயத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், தானாகப் பற்றும் சங்கதி. ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது புல்லைக் கட்டி அடுக்கினால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளப்பும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அடுக்கிய இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை ஆபத்தான காலம். உள்வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தினமும் பாருங்கள். 80 டிகிரியை நெருங்கினால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஆற்றிவிடலாம் என்று நீங்களே போரைப் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் உள்ளே கனன்றது குப்பென்று பற்றிக்கொள்ளும். மேலே ஏறியும் பார்க்க வேண்டாம். உள்ளே எரிந்து கூடாகியிருந்தால் கால் உள்வாங்கிவிடும். வெப்பமானி இல்லையென்றால் அந்த இரும்புக் கம்பி போதும். கருகிய, கொஞ்சம் இனிப்பான வாடை போரிலிருந்து வந்தாலும் அதே எச்சரிக்கைதான்.

ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அதுவும் தானாகப் பற்றும். எலி கடித்த மின்கம்பி, காய்ந்த புல் மேல் நிறுத்திய டிராக்டரின் சூடான புகைக்குழாய், தொலைவில் குப்பை எரித்த இடத்திலிருந்து பறந்து வரும் கங்கு, இவற்றையும் கணக்கில் வையுங்கள். இதையெல்லாம் பார்த்து முடிக்காமல் மனிதர்கள் மேல் சந்தேகப்படக் கூடாது என்பது நான் அவமானப்பட்டுக் கற்றது.

அதற்காக, "வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை, அப்படியானால் வைத்ததுதான்" என்று சொல்வதும் சரியில்லை. தீ விசாரணை செய்பவர்கள் பல நாடுகளில் கையில் வைத்திருப்பது அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 921 என்ற வழிகாட்டி. 1992-இல் முதலில் வந்தது. அதன் 2011 பதிப்பு இந்த மாதிரி முடிவு கட்டும் முறையையே தள்ளுபடி செய்துவிட்டது. அப்புறம் இந்த நிபுணத்தனம்: கண்ணாடி சிலந்திவலை போல விரிந்திருந்தால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள், சிமெண்ட் தரை பெயர்ந்திருந்தால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே அப்படி விரியும். 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவில் பரவிய பெருந்தீக்குப் பிறகு, யாரும் போய்ப் பெட்ரோல் ஊற்றாத வீடுகளிலும் அப்படி விரிந்த கண்ணாடியைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, சந்தேகம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது. இடது பக்கத்தில் கண்டது, வலது பக்கத்தில் நினைத்தது. "இரவு 11.40, வடக்கு வேலி ஓரம், இடுப்பு உயரம் தீ, காற்று மேற்கிலிருந்து, முதலில் பார்த்தது என் மனைவி" என்பது இடது பக்கம். "அவன்தான்" என்பது வலது பக்கம். போலீஸிடம் கொடுக்க வேண்டியது இடது பக்கம். வலது பக்கத்தை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் சந்தேகம் என்று சொல்லியே சொல்லுங்கள். எனக்கு இடது பக்கம்தான் கைகொடுத்தது. முதல் இரண்டு தீயும் பதினான்கு நாள் இடைவெளியில், இரண்டும் நள்ளிரவுக்கு முன்னால், இரண்டும் சாலையிலிருந்து மறைவான அதே வேலி ஓரத்தில். எழுதி வைக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. மிரட்டல் வந்த செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். முக்கியமாக, வாட்ஸாப் குழுவில் யார் பெயரையும் போடாதீர்கள். தப்பான ஆளாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் வரும், சரியான ஆளாக இருந்தால் அவன் உஷாராகிவிடுவான்.

எரிய எதுவும் கிடைக்கக் கூடாது

தீ வைக்க வருபவனுக்கு நான்கு வேண்டும்: உள்ளே வர வழி, மறைந்து நிற்க இடம், கொஞ்ச நேரம், எரிவதற்குப் பொருள். முதல் மூன்றையும் முழுசாக அடைக்க யாராலும் முடியாது. நிலம் பெரியது, நாம் தூங்க வேண்டும். நான்காவது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. கேமராவுக்கு ஓடுவதற்கு முன்னால் மண்வெட்டியை எடுக்கச் சொல்வது அதனால்தான்.

கட்டடத்தின் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. விறகு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, காய்ந்த செடி, எதுவுமே. அதற்கு அப்பால் பத்து மீட்டர் வரை புல்லை பத்து சென்டிமீட்டருக்குள் வெட்டி வையுங்கள். நிலம் சரிவாக இருந்தால் கீழ்ப்பக்கம் இன்னும் அதிக தூரம் வேண்டும், ஏனென்றால் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். பத்து டிகிரி சரிவு கூடினால் வேகம் சுமார் இரு மடங்கு என்று கணக்கு. மரங்களில் தரையைத் தொடும் கிளைகளை இரண்டு மீட்டர் உயரம் வரை கழித்துவிடுங்கள். தீ அவற்றை ஏணியாக்கி மரத்தில் ஏறாது, மறைவும் போகும்.

பெரும்பாலான வீடுகளைப் பிடிப்பது சுவர் போல வரும் தீ அல்ல, பறந்து வரும் கங்குதான். கூரைத் தண்ணீர்க் குழாயில் தேங்கிய சருகு, ஓட்டு இடுக்கு, காற்றுத் துவாரம். துவாரங்களுக்கு 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். நைலான் கொசுவலை வேண்டாம், அது உருகிவிடும்.

போரை ஒரே இடத்தில் மலை போல அடுக்காதீர்கள். நான் இப்போது மூன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று இருபது மீட்டருக்கு மேல் இடம் விட்டு, சாலையிலிருந்து கண்ணில் படாத இடத்தில் அடுக்குகிறேன். ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும். மாடுகள் கட்டும் கொட்டகைக்குப் பக்கத்தில் போர் கிடையவே கிடையாது.

கேன், லைட்டர், பழைய டயர், ஏணி இவை வெளியே கிடந்தால் வருபவன் வெறுங்கையோடு வந்தாலே போதும். எரிபொருளைத் தனியாக, பூட்டி, கொட்டகையிலிருந்து தள்ளி வையுங்கள்.

வேலியை ஒட்டி உள்பக்கமாக மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் உழுது வெறும் மண்ணாக்கினேன். கொட்டகையை அலங்கோலமாக்கிவிட்டாய் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சொல்லட்டும்.

கேமரா

சூரிய உதயத்தையோ மறைவையோ பார்க்கும்படி வைத்தால் பாதிப் படம் வெள்ளைதான். ஆடும் புல்லும் கிளையும் முன்னால் இருந்தால், அசைவைக் கண்டு படம் எடுக்கும் கேமரா ஒரே இரவில் ஆயிரம் படம் எடுத்து நினைவக அட்டையை நிரப்பிவிடும். என் முதல் கேமரா அப்படித்தான், இரண்டாவது தீ நடந்த இரவில் நிரம்பிய அட்டையோடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் வகையில் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும், ஆனால் தூரம் எட்டும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. வாசல் கேட்டுக்கு முதல் வகை, மறைவான இடத்துக்கு இரண்டாவது வகை என்பது என் தேர்வு. ஒரு கேமராவைப் பார்க்கும்படி இன்னொன்றையும் வையுங்கள், பிடுங்கிக்கொண்டு போகிறவனின் முகமாவது கிடைக்கும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஏதாவது பதிவானால் அட்டையைக் கழற்றி அப்படியே எடுத்துவைத்துவிட்டு, புது அட்டை போடுங்கள். அடுத்தவர் வீட்டு முற்றத்தைப் பார்க்கும்படி வைக்காதீர்கள்.

ஆளைப் பிடிக்கப் பொறி வைக்கலாமா என்று நினைப்பு வரும். எனக்கும் வந்தது. வேண்டாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், யாரும் குடியில்லாத பண்ணை வீட்டுக்குள், அறைக் கதவைத் திறந்தால் தானாகச் சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். திருட வந்தவனின் கால் சிதைந்தது. 1971-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுக்காரர்கள்தான் அந்தத் திருடனுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. சட்டம் கிடக்கட்டும், இரவில் தீயணைக்க ஓடி வருகிற ஆள் அதில் மாட்டினால்?

தீ பிடித்தால்

முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், அடுத்து போன். ஒதுக்குப்புறத்தில் வழி சொல்வதிலேயே பத்து நிமிடம் போய்விடும். ஆகவே எந்தத் திருப்பம், எந்த அடையாளம், வரைபடத்தில் இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். கேட் நான்கு மீட்டர் அகலம் இருந்தால் வண்டி தடையில்லாமல் நுழையும். மாடுகளை அவிழ்த்துவிட்டதும் கொட்டகைக் கதவைச் சாத்துங்கள், பயந்த விலங்கு பழகிய இடத்துக்கே திரும்பி ஓடும். மின்சாரம் போய்விடும் என்பதால் மின்மோட்டாரை நம்பாமல் ஓர் எஞ்சின் பம்பு வையுங்கள். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான் ஒன்றில் வெறும் தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். முழங்கால் உயரத் தீயை அதனாலேயே அணைத்திருக்கிறேன். அதற்கு மேல் உயர்ந்தால் தள்ளி நில்லுங்கள், காற்று வரும் பக்கமாக.

அணைந்த பிறகு நம் கை சும்மா இருக்காது, கூட்டிப் பெருக்கத் தோன்றும். கூடாது. காலடித் தடம், டயர் தடம் தெரிந்தால் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடுங்கள். பாட்டில், துணி, தீக்குச்சி எதையும் தொடாமல் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று எனப் படம் எடுங்கள். ஆதாரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிளாஸ்டிக் பையில் போட்டுவிடாதீர்கள், பெட்ரோல் ஆவி சாதாரணப் பை வழியாகக் கசிந்துவிடும். விசாரணைக்காரர்கள் காற்றுப் புகாத தகர டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ எடுப்பது அதனால்தான். காப்பீடு இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். கொட்டகைக்குள் என்னென்ன இருந்தது என்ற படங்கள் கொட்டகைக்குள்ளேயே எரிந்துபோனால் பயனில்லை, வேறொரு வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

முதல் போர் எரிந்த பத்தாவது நாள் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது ஊர் முழுக்கத் தெரியும்ப்பா" என்றார். வெகுநேரம் பேசவில்லை. ஆனால் வடக்கு வேலியை இரவில் பார்க்க முடிவது அவர் வீட்டு ஜன்னலிலிருந்து மட்டும்தான், மூன்றாவது தீயை முதலில் பார்த்துப் போன் செய்ததும் அவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. வேலிக்கு வெளியே பாதி உருகிய ஒரு பாட்டில், வேலி ஓரத்தில் இரண்டு முழம் கருப்பு, உள்ளே உழுத மண். யார் என்று இன்றைக்கும் தெரியாது. வாளியைக் கவிழ்த்தேன், நேரத்தை இடது பக்கம் எழுதினேன். அதற்கப்புறம் பெய்த மழையில் மண் பட்டையில் மறுபடியும் புல் முளைத்துவிட்டது, இந்த வாரம் உழ வேண்டும்.