தரையிறங்கும்போது திரை திக்குகிறதா? ஃபிளைட் சிமுலேட்டர் கணினியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர்பஸ் ஏ320-ஐ சிமுலேட்டரில் ஓட்டிக்கொண்டு, கடல் பக்கமிருந்து சென்னையின் 25-ஆம் ஓடுபாதைக்கு இறங்கி வருகிறீர்கள். நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறக்கம்; அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 12 அடி. காக்பிட்டில் "ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி" என்று குரல் எண்ணுகிறது. ஸ்டிக்கை மெல்ல இழுத்து மூக்கைத் தூக்க வேண்டிய நேரம். கடைசி 30 அடிக்கு உங்கள் கையில் இருப்பது இரண்டரை விநாடிதான். சரியாக அந்த இடத்தில் திரை அரை விநாடி உறைந்துவிட்டால், 6 அடி உயரம் கண்ணில் படாமலேயே போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன்: 35,000 அடி உயரத்தில் 60 எஃப்.பி.எஸ். (விநாடிக்குத் திரையில் வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) வருகிறது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தரையிறங்கும் அந்தச் சில விநாடிகள் சீராக ஓட வேண்டும். கணினியைச் சரிசெய்யும் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

பலர் முதலில் செய்யும் தவறு, எந்தப் பாகம் திணறுகிறது என்று பார்க்காமலேயே பணத்தைச் செலவழிப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் தவணையில் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார். பெரிய விமான நிலையங்களில் பழைய கார்டில் 28 எஃப்.பி.எஸ். வந்துகொண்டிருந்தது, புதியதிலும் அதே 28தான். கார்டில் குறையே இல்லை. அவருடைய கணினியில் பிராசஸர்தான் திணறிக்கொண்டிருந்தது.

சிமுலேட்டரில் விமானத்தின் இயக்கம், காக்பிட் கருவிகள், சுற்றியுள்ள போக்குவரத்து எனப் பல கணக்குகள் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. மெயின் த்ரெட் என்பது இந்த வரிசைதான். பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் இந்த வரிசை ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "சிபியு (பிராசஸர்) 30 சதவீதம்தானே ஓடுகிறது, அதில் பிரச்சினை இல்லை" என்று முடிவுகட்டுவது இங்கேதான் தப்பாகிறது. ஒரே நேரத்தில் 16 த்ரெட் (வேலை வரிசை) ஓட்டும் பிராசஸரில் ஒரு த்ரெட் முழு மூச்சாக வேலை செய்தாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 6 சதவீதம்தான். அந்த ஒன்று மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மற்றவை சும்மா இருப்பதால் சராசரி குறைவாகத் தெரிகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் டெவலப்பர் மோடை இயக்கி, எஃப்.பி.எஸ். காட்டும் பெட்டியைத் திறந்தால், மெயின் த்ரெட் இழுக்கிறதா, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) இழுக்கிறதா என்று அதுவே எழுதிக் காட்டும். எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டரில் டேட்டா அவுட்புட் பகுதியில் ஃபிரேம் ரேட் வரியைத் திரையில் வரவைத்தால், சிபியு நேரம், ஜிபியு நேரம் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். எதில் நேரம் அதிகமோ அதுதான் உங்களைத் தடுக்கிறது. இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ரெண்டர் ஸ்கேலிங்கை (படம் எவ்வளவு தெளிவில் வரையப்படுகிறது என்ற அமைப்பை) 100-லிருந்து 50-க்கு இறக்குங்கள். படம் மங்கலாகும். எஃப்.பி.எஸ். எகிறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் பிராசஸர்தான் தடை. அப்போது எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் பயனில்லை.

இது தெரிந்த பிறகுதான் ஸ்லைடர்களில் கை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக 'லோ'வுக்குத் தள்ளுவதைப் பலர் செய்கிறார்கள். காட்சியும் கெடும், திக்கலும் போகாது. பிராசஸர்தான் தடை என்றால் முதலில் குறைக்க வேண்டியது டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல். எவ்வளவு தூரம் வரை நிலமும் கட்டடங்களும் நுணுக்கமாக வர வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதற்குள் அடங்கும் நிலப்பரப்பு நான்கு மடங்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 200-இல் திணறும் கணினி 100-இல் மூச்சு விடுவது அதனால்தான். அப்புறம் ஆப்ஜெக்ட் லெவல் ஆஃப் டீடெய்ல், விமான நிலைய வாகனங்கள், ஆட்கள், நிறுத்தி வைத்த விமானங்கள். காக்பிட் திரைகள் எவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற அமைப்பையும் பாருங்கள். ஏர்லைனர் ஓட்டுபவர்களுக்கு அதைக் குறைப்பதில் நல்ல பலன் கிடைக்கும்.

கார்டுதான் தடை என்றால் பட்டியலே வேறு. மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள். பறக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றையும் ஒரு படி குறைக்கலாம். 4கே திரையில் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். 1080பி-யில் சுமார் 21 லட்சம்தான். நடுத்தரக் கார்டை வைத்துக்கொண்டு 4கே-யில் ஓட்டுகிறவர் நான்கு மடங்கு வேலையை அதன் தலையில் சுமத்துகிறார். குறைந்த பிக்சலில் வரைந்து படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் நல்ல உதவிதான். ஆனால் காக்பிட் திரையில் ஓடும் எண்களில் சில நேரம் மங்கலும் வால் போன்ற தடமும் வரும். வேகமானியைப் பார்த்தே ஓட்டுகிறவர்கள் அதைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார்டின் சொந்த நினைவகத்தையும் கவனிக்க வேண்டும். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) அல்ட்ராவில் வைத்து, கனமான விமான நிலைய ஆட்-ஆனையும் (தனியாகச் சேர்க்கும் கூடுதல் தொகுப்பையும்) சேர்த்தால் அது நிரம்பி வழியும். வழிந்தது கணினியின் ராமுக்குப் போகும், உடனே எஃப்.பி.எஸ். பாதாளத்துக்கு இறங்கும். டெக்ஸ்ச்சரை ஒரு படி குறைத்தாலே போதும்.

ராம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது செலவே இல்லாத திருத்தம். நான் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் 3200 வேகம் என்று எழுதிய ராம் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பார்த்தேன்: 2133. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை யாரும் இயக்கவில்லை. அது அணைந்திருந்தால் ராம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். ஏஎம்டி பிராசஸருக்கான டிடிஆர்5 ராம் போர்டுகளில் அதன் பெயர் பெரும்பாலும் எக்ஸ்போ என்று இருக்கும். இயக்கிவிட்டு மறுபடி டாஸ்க் மேனேஜரில் எண்ணைச் சரிபாருங்கள். இன்னொன்று: 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கை விட 8 ஜிபி ஸ்டிக் இரண்டு நல்லது, இரு வழியாகவும் தகவல் போய்வரும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணும்போது பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபிளைட் சிமுலேட்டர் 2020 பரிந்துரைத்தது 16 ஜிபி. 2024 பதிப்பின் பரிந்துரை 32. இனி வாங்குவதாக இருந்தால் 32-ஆகவே வாங்கிவிடுங்கள்.

ஒரே நாளில் பத்து அமைப்புகளை மாற்றிவிட்டு, "ஏதோ பரவாயில்லை" என்று எழுந்து போவதும் பெரிய தவறு. எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோதிக்கும் பயணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்: அதே விமானம், அதே ஓடுபாதை, அதே நேரம். நேரலை வானிலையை அணைத்துவிட்டு ஒரு நிலையான வானிலையைத் தேர்ந்தெடுங்கள். நேற்று தெளிந்த வானம், இன்று மழை மேகம் என்றால் ஒப்பிட என்ன இருக்கிறது? வயல்வெளிக்கு மேல் செஸ்னா 172-இல் பறந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். லண்டன் ஹீத்ரோ மாதிரிக் கனமான இடத்தில், நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஏர்லைனரில் இறங்கிப் பாருங்கள்.

எஃப்.பி.எஸ். எண்ணைத் துரத்துவதில் ஒரு மயக்கம் இருக்கிறது. 25-க்கும் 55-க்கும் இடையே ஊசலாடும் கணினியை விட, 30-இல் அசையாமல் நிற்கும் கணினி கண்ணுக்கு மிகச் சீராகத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 30 என்பது சரிபாதி. ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு புதுப்பிப்பு நேரம் நின்று, ஒரே தாளத்தில் வரும். விசிங்க்கை (ஃபிரேமை மானிட்டரின் புதுப்பிப்போடு இணைக்கும் அமைப்பை) இயக்கி 30-இல் கட்டிப் பாருங்கள். ஃபிரேம் வேகத்துக்கேற்பத் தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃபிரீசிங்க் மானிட்டர் இருந்தால் இந்தக் கட்டாயம் குறைவு. ஆனாலும் உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு வைப்பது நல்லது.

பழைய மருந்தைப் புதிய நோய்க்குக் கொடுப்பதும் நடக்கிறது. 2006-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஒரு 32-பிட் நிரல். அதற்கு 4 ஜிபி-க்கு மேல் நினைவக முகவரி எட்டாது. நீண்ட பயணத்தின் கடைசியில் நினைவகம் தீர்ந்து விழுந்துவிடும். அதைத் தாங்கவைக்க கான்ஃபிக் கோப்பில் வரி வரியாகத் திருத்தினோம். அந்தத் திருத்தங்களை இன்றைய 64-பிட் சிமுலேட்டரில் தேடாதீர்கள். பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பை) அணைத்தால் வேகம் கூடும் என்பதும் அதே வகை அறிவுரை. அணைத்தால் ராம் நெருக்கடியில் சிமுலேட்டர் சட்டென மூடிக்கொள்ளும். விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். ஒரே கிளிக்கில் வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் 'பூஸ்டர்' மென்பொருள்கள் எதுவும் வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடி, அரை மணி கழித்துத் திக்கத் தொடங்குகிறதா? அமைப்புகளை விட்டுவிட்டு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டுகிறது. ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் தூசி அடைத்திருந்தால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகத்தைத் தொடக்கத்திலும் அரை மணி கழித்தும் குறித்து வையுங்கள். கணிசமாக இறங்கியிருந்தால் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி, மேஜைக்கு அடியில் உள்ள மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே ஓட்ட வேண்டும். பேட்டரியில் கார்டுக்கு முழு மின்சாரம் போகாது. மலிவான எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) மேல் ஓவர்கிளாக் செய்வதையும், அதாவது பாகத்தை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டுவதையும், தவிருங்கள். மற்ற கேமில் ஒரு கிராஷ் வந்தால் ஐந்து நிமிடம்தான் போகும். இங்கே நான்கு மணி நேரப் பயணம் இறங்கும் தறுவாயில் அழிந்துபோகும்.

ஆட்-ஆன்களை மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் கம்யூனிட்டி ஃபோல்டரில் குவித்து வைப்பவர்கள், இன்று பறக்கப்போகும் இடத்துக்கு வேண்டியதை மட்டும் அங்கே விட்டுவிட்டு மற்றதை வெளியே நகர்த்துங்கள். சிமுலேட்டர் புதுப்பிப்பு வந்த பிறகு ஏதாவது கோளாறு என்றால், முதல் வேலையாக அந்த ஃபோல்டரை முழுதாகக் காலி செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பெரிய நகரங்களின் மேல் மட்டும் திக்கல் வருகிறது என்றால் இணையத்தையும் சந்தேகிக்கலாம். 2020 பதிப்பின் நகரக் கட்டடங்கள் இணையம் வழியாக வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பரிந்துரைத்த வேகம் 20 எம்பிபிஎஸ். வீட்டில் எல்லோரும் வீடியோ பார்க்கும் மாலை நேரத்தில் வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள். இறங்கிய காட்சித் தகவலைச் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷை எஸ்எஸ்டி-யில் வையுங்கள்.

கடைசியாக, கணினியின் வேகத்தோடு தொடர்பே இல்லாத ஒன்று. நீண்ட பயணத்தில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் ஆட்டோபைலட்டில் பறந்துவிட்டு, இறங்கும் நேரத்தில் கையில் எடுத்தால் சில நேரம் அது வேலை செய்யாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த யுஎஸ்பி வாயிலைத் தூங்கவைத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் சாதனத்தை அணைக்க அனுமதி தரும் டிக்கை எடுத்துவிடுங்கள். யோக், த்ராட்டில், பெடல் மூன்றையும் ஒரே மலிவான ஹப்பில் தொங்கவிடாமல், தனி அடாப்டர் உள்ள ஹப்பிலோ நேராக மதர்போர்டின் பின்புற வாயில்களிலோ செருகுங்கள்.