நடுக்கம் வராமலே சர்க்கரை இறங்கலாம்

முதல் வகை (டைப் 1) நீரிழிவுடன் 30, 40 ஆண்டுகளைக் கடந்தவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். இளவயதில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த எச்சரிக்கைகள் மங்கிவிடலாம். ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் படபடப்பை மறைக்கும். ஆகவே உடலே சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். படுக்கும் முன்பும் வண்டி எடுக்கும் முன்பும் கட்டாயம் அளந்து பாருங்கள். ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பெரியவர் திடீரென்று எரிந்து விழுந்தாலோ பேச்சு குழறினாலோ வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையைக் காட்டி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.