யார்க் வைக்கிங் விழாவுக்குக் குழந்தைகளோடு போவது எப்படி?

இங்கிலாந்தின் யார்க் நகரில் பிப்ரவரி மாதம், பள்ளி அரைப்பருவ விடுமுறையை ஒட்டி யோர்விக் வைக்கிங் விழா நடக்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த போர்வீரர்களான வைக்கிங்குகள் 866-இல் இந்த ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர்தான் யோர்விக். பலரும் சண்டைக் காட்சிக்காகத்தான் கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால், சந்தையில் உட்கார்ந்திருக்கும் கைவினைஞர்களுக்குத்தான் பாதி நாளை ஒதுக்க வேண்டும்.

1. முன்னேற்பாடு: ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். கம்பளி, கையுறை, மழைக்கோட்டு அவசியம். கையோடு சாப்பாடு கொண்டுவாருங்கள். பசித்த குழந்தைக்கு வைக்கிங்கும் ஒன்றுதான், வேறு யாரும் ஒன்றுதான்.

2. காலையில் யோர்விக் மையம்: இது வைக்கிங் கால அருங்காட்சியகம். முன்பதிவு செய்துவிடுங்கள். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்த அதே இடத்தில் இது இருக்கிறது. சிறு வண்டியில் உட்கார்ந்தபடி, அந்தக் காலத் தெருவை அதன் வாடையோடு பார்க்கலாம். ஒற்றை ஊசியால் பின்னிய கம்பளிக் காலுறை ஒன்று இங்கே கிடைத்தது. அதைக் குழந்தைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் போட்டு நடந்தது அது.

3. அப்புறம் சந்தை: அவசரப்படாதீர்கள். காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரத்தில் மரக்கிண்ணம் கடைபவரைக் கண்டால் நின்றுவிடுங்கள். காப்பர்கேட் என்ற பெயருக்கே கிண்ணம் செய்பவர்களின் தெரு என்றுதான் பொருள். செம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மான் கொம்பில் சீப்பு அறுப்பவர், கண்ணாடி உருக்கிப் பாசிமணி செய்பவர், யாராக இருந்தாலும் “இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று குழந்தையையே கேட்க விடுங்கள். பல வருடங்கள் படித்துப் பழகியவர்கள் அவர்கள். ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

4. வாங்குவது: கொம்பு வைத்த தலைக்கவசம் வேண்டாம். வைக்கிங்குகள் அப்படி அணிந்ததற்குச் சான்றே இல்லை. 1876-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளால் பரவிய படம் அது. ஒரு பாசிமணி வாங்கிக் கொடுங்கள், போதும்.

5. சண்டைக் காட்சி: வாள்கள் முனை மழுங்கியவை. ஆனால் கேடயங்கள் மோதும் சத்தம் பெரிது. சின்னக் குழந்தை இருந்தால் ஓரமாக நில்லுங்கள்.

6. திரும்பும் வழி: மிக்கில்கேட் வழியாக நடங்கள். வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘காட்டா’ என்றால் தெரு. இங்குள்ள தெருப் பெயர்களின் ‘கேட்’ அதிலிருந்து வந்தது, வாசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அல்ல. பெரிய தெரு என்பதுதான் மிக்கில்கேட். நிஜமான கோட்டைவாசலை இந்த ஊரில் ‘பார்’ என்பார்கள். இதைச் சொன்னதும் என் மகள் பெயர்ப்பலகைகளில் ‘கேட்’ தேடத் தொடங்கினாள். ரயில் நிலையம் வரும்வரை நிறுத்தவே இல்லை.