செத்தவீட்டுக் கிரியையை முன்னின்று நடத்துவது: புதிதாகப் பழகுபவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சைவச் செத்தவீடுகளில் திருப்பொற்சுண்ணம் (சுண்ணம் என்னும் மஞ்சள் பொடியை இடிக்கும்போது பாடும் திருவாசகப் பாட்டு) பாடப் பழகுபவர்கள் குரலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள். குரல் சுமாராக இருந்தால் ஒருவரும் குறை பிடிக்கமாட்டார்கள். நேரம் பிந்தினாலோ, அடுத்தது என்னவென்று தெரியாமல் வீட்டுக்காரர் முழித்துக்கொண்டு நின்றாலோதான் ஊர் பேசும்.

1. போனவுடன் கேட்க வேண்டியவை

கொள்ளி வைப்பவர் யார், எரிப்பதா புதைப்பதா, பிரேதம் எடுக்கும் நேரம் எத்தனை மணி? குடிக்குக் குடி (தாய்வழிக் குலம்), ஊருக்கு ஊர் முறை மாறும். காரைதீவில் செய்ததை அப்படியே களுவாஞ்சிக்குடியில் செய்யப் போகாமல் அந்தக் குடியின் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயில் பிற்பகல் 3 முதல் 4.30 வரையும் ஞாயிறில் 4.30 முதல் 6 வரையும் இராகுகாலம். பின்னேரம் எடுக்கும் வீடுகளில் இதுதான் இடிக்கும், முதலே சொல்லிவிடுங்கள்.

2. நேரத்தைப் பின்னிருந்து எண்ணுதல்

4 மணிக்கு எடுப்பதென்றால் 2.15க்குக் கும்பத்தடியில் இருக்க வேண்டும். முதல் பூசைக்கு 20 நிமிடம், சுண்ணத்துக்கு 25, பிரேதத்துக்கு எண்ணெய் அரப்பு வைக்க 20, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க 10. மிச்சமெல்லாம் வாய்க்கரிசிக்கு. சனம் கூடினால் அதுதான் இழுபடும்.

3. சுண்ணம் இடித்தல்

உரல், உலக்கை, மஞ்சள், அறுகம்புல், நல்லெண்ணெய் தேவை. காய்ந்த விரலி மஞ்சளை முழுதாகப் போட்டால் உலக்கை படப் பட வெளியே தெறிக்கும். முன்னமே தட்டி உடைத்து வையுங்கள். எண்ணெயைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் மஞ்சள் வழுக்கும், மசியாது. கடைசியில் ஊற்றினால் போதும்.

பாட்டு 20. நிதானமாகப் பாடினால் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடப் போகும். நேரம் இல்லையென்றால் வேகமாக ஓடாமல் பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘பொற்சுண்ணம் இடித்து நாமே’ என்று முடியும் இடத்தில் உலக்கை விழ வேண்டும் என்று இடிப்பவர்களிடம் முதலே சொன்னால், இரண்டாம் பாட்டிலேயே கூட்டமும் சேர்ந்து பாடும். இறைவன் நீராடப் பொடி இடிக்கும் மகிழ்ச்சிப் பாட்டு இது. ஒப்பாரி மாதிரி இழுக்காதீர்கள். மைக்கை உரலுக்குக் கிட்டப் பிடித்தால் இடிச்சத்தம்தான் கேட்கும். பறைமேளக்காரரோடு ஒரு கைச்சைகையை முதலே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கத்தத்தான் வேண்டிவரும்.

4. பந்தம்

ஒரு முழக் குச்சியில் வெள்ளைத்துணி சுற்றி, எண்ணெயிலோ நெய்யிலோ தோய்த்து, நன்றாகப் பிழிந்து எடுங்கள். பிழியாவிட்டால் சூடான நெய் பிள்ளையின் கையில் சொட்டும். நைலோன் சட்டை போட்ட சின்னப்பிள்ளையைப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். “பேரப்பிள்ளைகள் எல்லாரும் இஞ்ச வாங்க” என்று ஒரு பாட்டுக்கு முன்னமே கூப்பிட்டால்தான் நேரத்துக்கு வந்து சேருவார்கள்.

5. வாய்க்கரிசி

பெண்கள் வீட்டில், ஆண்கள் சுடலையில் என்பதே பல இடங்களில் வழக்கம். ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வழி விடுங்கள்.

6. சுடலையில்

எரிப்பதென்றால் கொள்ளிக்குடத்தோடு மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு துளை. கத்தி பிடிப்பவர் பக்கவாட்டில், மெதுவாகக் கொத்த வேண்டும். ஓங்கிக் கொத்தினால் குடம் முதல் சுற்றிலேயே உடையும். புதைப்பதென்றால் கடற்கரை ஊர்களில் மணல் சரியும். குழியின் விளிம்பிலிருந்து சனத்தை இரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். மார்கழி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும் என்பதால் காலையிலேயே வெட்டி வைக்க வேண்டாம்.

சனம் கலைய முதல் எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் கிரியைகள் வரும் திகதிகளை அறிவித்துவிடுங்கள். இறந்த நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும்: ஜனவரி 10 இறந்தவருக்கு பெப்ரவரி 9 முப்பத்தோராம் நாள். பெப்ரவரி 10 என்று சொல்லிவிட்டால், தூரத்து உறவுகள் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து இறங்குவார்கள்.